மரங்கொத்தி சேர்த்த ஒரு வரி

ஆற்றங்கரைக் காடு ஒன்றில் விலங்குகள் மேட்டின் மேல் ஒரு கணினி வைத்திருந்தன, பிள்ளைகளே. மழைக்காலம் வருமுன் அதில் வெள்ள எச்சரிக்கை மென்பொருள் தயாராகும். ஆளுக்கொரு செருகுநிரல், அதாவது சின்னத் துணை நிரல், எழுதித் தரும். யானை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும்.

மணி அடிக்கும் நிரல் மரங்கொத்தியுடையது. ஐந்து வருடமாகப் பாராட்டெல்லாம் அதற்குத்தான். இந்த வருடம் தூக்கணாங்குருவி புதிதாக ஒன்று எழுதி வந்தது. நீர்மட்டம் ஒரு விரற்கடை உயர்ந்தாலும் அது சொல்லிவிடும். இதுவரை யாராவது ஆற்றைப் பார்த்துச் சொன்ன பிறகே அடித்த மரங்கொத்தியின் மணி, இனி அதைக் கேட்டு உடனே அடிக்கும்.

"அடேயப்பா! இனி எங்க குட்டிகளைப் பத்திக் கவலையே இல்ல" என்று குருவியைக் கொண்டாடியது மணல்திட்டில் வாழ்ந்த முயல்.

மரங்கொத்திக்கு வயிறு எரிந்தது. 'நேத்து வந்த குருவிக்கு இவ்வளவு கொண்டாட்டமா?' ஆற்றோரப் பட்டமரப் பொந்தில் முட்டைகளை அடைகாத்தபடி அன்று முழுவதும் பொருமியது.

இரண்டு நிரல்களுக்கும் எறும்புகள் எழுதிய கணக்குத் தொகுப்பு வேண்டும். மரங்கொத்தி கேட்டது இரண்டாம் பதிப்பு, குருவி கேட்டது மூன்றாம் பதிப்பு. ஒன்றுக்குத்தான் இடம். இப்படி முரண்பட்டால் கணினி புதியதை எடுத்துக்கொள்ளும். பழைய கணக்குகளும் அதில் இருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை.

மரங்கொத்திக்கு அது பொறுக்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்து, எதை எப்படிச் சேர்ப்பது என்று கணினிக்குச் சொல்லும் கட்டுமானக் கோப்பில் ஒரு வரி சேர்த்தது: "இரண்டாம் பதிப்பு மட்டுமே. யார் கேட்டாலும் மாற்றாதே."

யானை கட்டியது. கணினி ஒரு குறையும் சொல்லவில்லை. ஒத்திகை பார்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

நண்பகலில் ஆறு பெருகியது. குருவியின் நிரல் கேட்ட கணக்கு இரண்டாம் பதிப்பில் இல்லை. நிரல் அப்படியே நின்றுவிட்டது.

எச்சரிக்கை வராததைக் கண்டு மரங்கொத்தி மேட்டுக்குப் பறந்து வந்தது. "பாத்தீங்களா இந்தக் குருவி வேலையை!"

"உன் மணியும் அடிக்கலையே?" என்றது யானை.

"அது மட்டம் சொன்னாத்தானே நான் அடிக்க முடியும்?"

சொல்லி முடித்ததும்தான் அதற்கே உறைத்தது.

யானை கணினியிடம், "எந்தப் பதிப்பை யார் கேட்டது?" என்றது. திரையில் பட்டியல் விரிந்தது. இரண்டாம் பதிப்பைக் கட்டாயமாக்கிய வரிக்கு எதிரே மரங்கொத்தியின் பெயர் இருந்தது.

"ஏன் அக்கா?" என்றது குருவி.

"பொறாமைதான். அந்த வரியை அழிச்சிடு, சீக்கிரம்!" என்று அலறியது மரங்கொத்தி.

குருவி வரியை அழித்தது. யானை மறுபடியும் கட்டியது. மணி காடு முழுக்க ஒலித்தது.

மரங்கொத்தி பொந்தை நோக்கிப் பறந்தது. பட்டமரம் அங்கே இல்லை. முட்டைகளோடு அதை ஆறு கொண்டுபோயிருந்தது.

குட்டிகளோடு கரையேறிய முயல் மரங்கொத்தியைப் பார்த்து ஓடி வந்தது. மேட்டில் நடந்தது எதுவும் முயலுக்குத் தெரியாது.

"அக்கா, உங்க மணிதான் எங்களைக் காப்பாத்துச்சு! உங்களை மாதிரி யாரு இருக்கா?"

மரங்கொத்தியால் அந்தப் பாராட்டைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

நீதி: பொறாமையால் பிறர் வேலையை முடக்கினால், அதை நம்பி நிற்கும் நம் வேலையும் முடங்கிப்போகும்.