பெயர் ஒட்டாத பாட்டில்

துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஒரு மணி நேரமே இருந்தது. கேஸ் அழுத்தத்தில் சுடும் கிளப்பின் துப்பாக்கிகள் ஐந்திலும் ரப்பர் வளையங்கள் உப்பி, கேஸ் கசிந்தது. பராமரிப்பு வேலை பார்க்கும் தெரசாளை நடுவர் முன் நிறுத்தினார் செயலாளர் அருமைநாயகம்.

"தப்பான எண்ணெய் விட்டது இவதான். இன்னையோட வேலை கிடையாது."

ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் எண்ணெய் தவிர வேறெதையும் அவள் தொட்டதில்லை. ஆனால் அலமாரியில் பெயர் ஒட்டாத பாட்டில் ஒன்று புதிதாக இருந்தது. அதை எடுத்து, செயலாளரின் சொந்தத் துப்பாக்கி அருகே போனாள்.

"ஐயா துப்பாக்கிக்கும் ரெண்டு சொட்டு விட்டுடறேன்."

"விடாதே, அது தையல் மெஷின் எண்ணெய்" என்று பதறினார் அவர்.

"பாட்டில்ல பேர் இல்லை, நான் இன்னும் மூடியே திறக்கலை. ஐயாவுக்கு எப்படித் தெரியும்?"

"இவங்க வேலையில இருப்பாங்க" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு, நடுவர் எழுந்து வெளியே போனார்.

தெரசாள் புது வளையங்களை மாட்ட உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவர் செயலாளர்தான்.