ருசிபார்க்கிறவனின் முழங்கால்

வேங்கைக்குறிச்சியை ஆண்ட கோளரி ராஜா எதிரிக்கு அஞ்சாதவர். எதிரிகள் எல்லாம் அவர் அப்பா காலத்திலேயே அடங்கிப்போனதால் அதைச் சோதித்துப் பார்க்கத்தான் வழியில்லை. விஷத்துக்கு மட்டும் அஞ்சுவார். இனிப்புக்கு அஞ்சவே மாட்டார்.

அந்த ஊரில் அதுவரை இனிப்பு என்றால் கருப்பட்டிதான். துறைமுகத்தில் வெள்ளைச் சீனி வந்து இறங்கியதும் ராஜாவுக்குக் கருப்பட்டி கசந்துவிட்டது. "கறுப்பு குடியானவனுக்கு, வெள்ளை வேந்தனுக்கு" என்று சொல்லிவிட்டார். பாலில் சீனி, பொங்கலில் சீனி, கடைசியில் ரசத்திலும் ஒரு கை சீனி. சமையற்கட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவரவருக்கு அவரவர் வேலை முக்கியம்.

ராஜா பெருத்தார். தச்சன் வந்து அரியணையை அகலப்படுத்திவிட்டுப் போனான். 'மலை போன்ற தோள்' என்று பாடிக்கொண்டிருந்த புலவர்கள், தோளை விட்டுவிட்டு மலையை மட்டும் பாடினார்கள்.

அரண்மனை வைத்தியர் உமையொருபாகத்துக்குப் பொய் சொல்ல வராது. நாடி பிடித்துப் பார்த்தார். "மகாராஜா, சீனியை நிறுத்துங்கள். காலையில் கொஞ்சம் நடங்கள்" என்றார்.

ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "என் இலையில் எது விழலாம் என்று எனக்கே சொல்கிறீரா? இவரைச் சிறையில் போடுங்கள். பௌர்ணமியன்று தலையை வாங்குங்கள். இனிமேல் சீனியை நிறுத்தச் சொல்லி எவன் வந்தாலும் அவனுக்கும் இதே கதிதான்!"

அமைச்சர் ஆவுடையப்பருக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. வைத்தியர் அவருக்குப் பால்ய சிநேகிதர். ராஜாவையும் அவருக்குப் பிடிக்கும், அதற்குக் காரணம் கேட்டால் அவருக்கே தெரியாது. வாய் திறந்தால் வைத்தியர் தலையோடு தன் தலையும் போகும். திறக்காவிட்டால் வைத்தியர் பௌர்ணமிக்குப் போவார், ராஜா கொஞ்சம் தாமதமாகப் போவார்.

யோசித்தபடியே சமையற்கட்டுப் பக்கம் நடந்தார். வாசலில் மாசானம் உட்கார்ந்திருந்தான். விஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, ராஜாவுக்குப் போகிற எல்லாவற்றிலும் முதலில் ஒரு பங்கு சாப்பிட்டுக் காட்டுவது அவன் வேலை. அமைச்சரைக் கண்டதும் எழப் பார்த்தான். தூணைப் பிடித்தான், சுவரைப் பிடித்தான், "யம்மா!" என்றான்.

"என்னப்பா மாசானம், முழங்காலா?"

"ஆமா எசமான். மூச்சும் வாங்குது. எம்புட்டுத் தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல. இந்த வேலைக்கு வாறதுக்கு முன்னால பனையேறிக்கிட்டு இருந்தேன். இப்ப படி ஏற முடியல."

"ராஜா சாப்பிடுவதைத்தானே நீயும் சாப்பிடுகிறாய்?"

"அதத் தவிர வேற எதையும் தொடக்கூடாதுன்னு உத்தரவு எசமான். வேற எதையாவது தின்னுட்டு நான் செத்துட்டா, கணக்குத் தப்பிப் போயிருமாம்."

ஆவுடையப்பருக்கு உடனே பசித்தது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் ராஜா சாப்பிட உட்கார்ந்தார். சீனிப் பொங்கலை உருட்டி வாயருகே கொண்டுபோனார்.

"மகாராஜா, கையை இறக்குங்கள்! விஷம்!" என்று கத்தினார் ஆவுடையப்பர்.

உருண்டை மடியில் விழுந்தது. "எ... எப்படித் தெரியும்?"

"தங்கள் பாட்டனார் போட்ட சட்டம் இருக்கிறது. ருசிபார்க்கிறவன் உடம்புக்கு ஆகாத பண்டம் அரசன் இலைக்குப் போகக் கூடாது. மாசானம், இங்கே வா. உட்கார். சரி, எழுந்திரு."

உட்கார்ந்தான். எழவில்லை. காவலர்கள் சேர்ந்து தூக்கினார்கள்.

"மூச்சு?"

"வாங்குது எசமான்."

"தாகம்?"

"அடங்கல."

"சாப்பிட்டு முடித்ததும்?"

"கண்ணச் சொக்குது."

ராஜாவின் முகம் வெளிறியது. "ஆவுடையப்பரே, எனக்கும் இதேதான்! முழங்கால் உட்பட!"

"அப்படியா மகாராஜா?" என்றார் ஆவுடையப்பர், இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி.

"வைத்தியரைக் கூப்பிடுங்கள்!"

"அவர் சிறையில் இருக்கிறார். பௌர்ணமிக்குத் தலையை வாங்கவேண்டும்."

"தலையையா? அதற்குள்தானேய்யா மருந்தெல்லாம் இருக்கிறது! ஓடுங்கள்!"

வைத்தியர் வந்தார். ராஜாவின் நாடியைப் பார்த்தார், மாசானத்தின் நாடியைப் பார்த்தார். "இரண்டு பேருக்கும் ஒரே விஷம். மெதுவாகக் கொல்லும்" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"முறிவு இருக்கிறதா?" என்றார் ராஜா.

"இருக்கிறது. சீனி ஒரு சிட்டிகையும் ஆகாது. கேழ்வரகுக் களி, கீரை, பயறு, மோர். நாக்கு ரொம்பக் கெஞ்சினால் நெல்லிக்காய் அளவு கருப்பட்டி, இல்லையென்றால் ஒரு சின்னக் கரண்டி தேன்."

"கருப்பட்டி நல்லதுதானே? ஒரு பானை சாப்பிட்டால்?"

"பானை கணக்கில் போனால் அதுவும் விஷம்தான். நேரத்தோடு தூங்கவேண்டும். விடிந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றி வரவேண்டும்."

"பல்லக்கில்..."

"காலால்."

உயிர் வெல்லத்தைவிட இனிப்பு. ராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பயம் கொஞ்சம் தெளிந்ததும் கோபம் வந்தது. "விஷம் வைத்தவன் எவன்? இன்றைக்கே அவனைக் கழுவில் ஏற்றுங்கள்!"

"விசாரித்துவிட்டேன் மகாராஜா" என்றார் ஆவுடையப்பர். "இன்னும் ஒரு கை சீனி போடு, இன்னும் ஒரு கை போடு என்று சமையற்காரனை விரட்டியவர் ஒரே ஒருவர்தான். ஆனால் இன்றைக்கு ஏற்ற முடியாது. அவரைத் தூக்க நம்மிடம் ஆள் போதாது. கழுமரமும் தாங்காது. வைத்தியர் சொன்னபடி கொஞ்சம் இளைக்கட்டும், பிறகு பார்ப்போம்."

ராஜா மடியிலிருந்த பொங்கலைப் பார்த்தார். மாசானத்தைப் பார்த்தார். அப்புறம் அவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு மேலே ஏறி வாய்க்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணில் நீர் வரச் சிரித்தார். வைத்தியரின் கையைப் பிடித்து, "என்னை மன்னியும்" என்றார். மாசானத்துக்கும் அன்றிலிருந்து களிதான் என்று உத்தரவானது.

"ஆவுடையப்பரே, உமக்குப் பரிசு!" என்று ராஜா தன் விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். அது கழலவில்லை. முறுக்கினார். நெய் தடவினார். காவலன் ஒருவன் பிடித்து இழுத்தான். மோதிரம் வரவில்லை, ராஜாதான் வந்தார்.

"அவசரமே இல்லை மகாராஜா" என்று கைகூப்பினார் ஆவுடையப்பர். "களி சாப்பிடுங்கள், குளத்தைச் சுற்றுங்கள். அது தானாகக் கழன்று விழுகிற அன்றைக்கு வந்து பொறுக்கிக்கொள்கிறேன்."