டிவிக்குக் கீழே ஒரு டீ

நாகூரில் டிவி மாட்டுகிற வேலைக்கு சுகந்தியை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் அருளப்பன். குருவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. சீடருக்கு ஐம்பது தொட்டுவிட்டது. தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்த பஸ் ஓடாமல் நின்றுபோனதும் இங்கே வந்து சேர்ந்தார். அவள் அவரை "அண்ணே" என்பாள். அவர் அவளை "மாஸ்டர்" என்பார். இதில் ரெண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் கிடையாது. பார்க்கிறவர்களுக்குத்தான் கொஞ்சம் சிரிப்பு வரும்.

பழைய பழக்கம் ஒன்று அவரை விடவில்லை. டிவியை மாட்டி முடித்ததும் சுவரை ரெண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்!" என்று குரல் கொடுப்பார். தெருவுக்கே கேட்கும்.

அன்று காலை அருளப்பன் முகமே சரியில்லை. துடைத்த டிரில்லிங் மெஷினையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, ராத்திரி தூக்கமில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாஸ்டர்." துணியைக் கீழே வைத்துவிட்டு அவரே கேட்டார். "மாஸ்டர், மாட்டின டிவி விழாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

சுகந்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். முந்தின நாள்தான் முதன்முதலாக அவரைத் தனியாக ஒரு வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். நெய்னா பாய் வீடு. பழைய வீடு, சுண்ணாம்புச் சுவர்.

"வண்டிய எடுங்க," என்றாள். "நெய்னா பாய் வீட்டுல ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

அருளப்பன் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

நெய்னா பாய் இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுத்த படுக்கையாக இருந்தார். குறுகலான அறை. அவர் காலை நீட்டினால் பாதத்துக்கு நேர் மேலே, சுவரில் அந்தப் பெரிய டிவி. கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

"வாம்மா! படம் சும்மா கண்ணாடி மாதிரி தெரியுது. ஆனா உங்க ஆளு மேல எனக்கு ஒரு குறை."

அருளப்பன் சுகந்திக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"என்ன பாய்?" என்றாள் சுகந்தி.

"பக்கத்து வீட்டுல மாட்டினப்ப 'ரைட், போலாம்'னு சத்தம் போட்டாராமே. நானும் காத்துக் கிடந்தேன். இங்க வாயே திறக்கல. விறுவிறுன்னு கிளம்பிப் போயிட்டாரு."

சுகந்தி சுவரை அண்ணாந்து பார்த்தாள். "ஒயரைக் கொஞ்சம் பார்க்கணும் பாய், கட்டிலை நகர்த்திக்கறோம்," என்றாள். குருவும் சீடரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, அவருக்கு வலிக்காமல் கட்டிலை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளினார்கள்.

உள்ளேயிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். சுகந்தி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, டிவிக்கு நேர் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மாஸ்டர், அங்க வேண்டாம்."

"ஏன்?"

"நாற்காலி இருக்கே."

"தரை ஜில்லுனு இருக்குண்ணே. டீ சூடா இருக்கு. வேற என்ன வேணும்?"

ஊதி ஊதிக் குடித்தாள். அவசரமே இல்லை. அருளப்பன் கையிலிருந்த டீ ஆடை கட்டிவிட்டது. அவர் கண் டிவியை விட்டு நகரவில்லை. அதில் ஓடிய ஆட்டம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

"போச்சு! போச்சு!" என்று நெய்னா பாய் கத்தினார். விழுந்தது விக்கெட். ஆனால் அருளப்பன் டம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்துபோய் டிவியை ரெண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திருங்க மாஸ்டர்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எழுந்திருங்க!"

"நீங்க மாட்டினதுதானே அண்ணே?"

"அதனாலதான் சொல்றேன்!"

சுகந்தி எழுந்து நகர்ந்தாள். ரெண்டு பேருமாக டிவியைக் கழற்றிக் கீழே இறக்கினார்கள். அதன் பிறகுதான் அருளப்பனுக்கு மூச்சே வந்தது. சொல்லிவிட்டார்.

மேல் ஓட்டையைப் போடும்போது டிரில் மாவுக்குள் போவதுபோல் பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளச் செருகும் பிளக் நிற்கவில்லை. தீக்குச்சிகளை ஒடித்துத் திணித்து, அதற்குள் ஸ்குரூவை முடுக்கினார். முடுக்கியதும் இறுகிவிட்டது போலத்தான் இருந்தது.

"உங்களைக் கூப்பிட்டிருக்கலாம் மாஸ்டர். முதல் தடவையா தனியா அனுப்பியிருக்கீங்க. இதைச் சொன்னா அப்புறம் அனுப்பவே மாட்டீங்களோன்னு பயம்." பாயைத் திரும்பிப் பார்த்தார். "ராத்திரி பூரா பாயோட காலுதான் கண்ணுக்குள்ள நின்னுச்சு."

நெய்னா பாய் தன் காலைப் பார்த்தார். கழற்றி வைத்த டிவியைப் பார்த்தார்.

"அட மனுஷா! இடுப்புதான் போச்சு, காலையும் சேர்த்து எடுத்துருவோம்னு இருந்தீங்களா?"

கோபமாகத்தான் ஆரம்பித்தார். அருளப்பன் நின்ற கோலத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது.

சுகந்தி திட்டவில்லை. "அண்ணே, நீங்க எப்பவும் வேலை முடிஞ்சு சுவரைத் தட்டுவீங்க. இன்னைக்குத் துளை போடறதுக்கு முன்னாடியே தட்டுங்க," என்றாள்.

அருளப்பன் விரல் கணுவால் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக். நடுவில் பொத்தென்று ஒரு சத்தம். மறுபடி தட்டினார். மறுபடி பொத்.

"அட, அங்க ஒரு மாடம் இருந்துச்சு!" என்றார் நெய்னா பாய். "எங்க வாப்பா காலத்துல விளக்கு வைக்கிறது. கரண்ட் வந்ததும் கல்லையும் மண்ணையும் போட்டு அடைச்சுப் பூசிட்டாங்க. சுத்தமா மறந்தே போயிட்டேன். கேட்டிருந்தா ஞாபகம் வந்திருக்கும்."

அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

சுகந்தி மரக்கடைக்குப் போய் நீளமான ஒரு தேக்குப் பலகையோடு வந்தாள். மெஷினை அவள் தொடவில்லை. மாடத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கெட்டிச் சுவராகத் தட்டிப் பார்த்து அருளப்பனே துளை போட்டார். செங்கல் பொடி சிவப்பாகக் கொட்டியது. பலகையை முடுக்கி, அதன்மேல் ஸ்டாண்டைப் பொருத்தி, ரெண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. டிவி மேலே ஏறியது.

"அண்ணே, நாளைக்குத் தெற்குத் தெருவில ஒரு பழைய வீடு இருக்கு. எனக்கு வேற வேலை. நீங்க போயிட்டு வந்துருங்க."

"நானா? தனியாவா மாஸ்டர்?"

"பின்னே, பஸ்ஸுல ஆள் ஏத்திக்கிட்டா போவீங்க?"

அருளப்பன் சுவரை ரெண்டு தட்டுத் தட்டினார். "ரைட், போலாம்!"

நெய்னா பாய் படுத்தபடியே கை தட்டினார்.

சூடாக மறுபடி டீ வந்தது. அருளப்பன் டம்ளரோடு டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, "அப்பாடா" என்றார். டீயைக் குடித்து முடித்தார். அடுத்த ஓவர் முடிவதற்குள் தலை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. குறட்டை கிளம்பியது.

"என்னம்மா இது, தூங்கிட்டாரே!" என்றார் நெய்னா பாய். "எழுப்பு. கட்டிலைப் பழைய இடத்துல போட வேண்டாமா?"

சுகந்தி அருளப்பன் கையிலிருந்து நழுவப்போன டம்ளரை மெல்ல எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"மாட்டின டிவி விழாதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னு காலையில என்கிட்ட கேட்டாரு பாய். இப்பத்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்காரு. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, முழுசாச் சொல்லி முடிக்கட்டும்."