மொட்டை வேலி

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஓர் அரசன் இருந்தான். தன் மான்தோட்டத்துக்குக் கற்சுவர் கூடாது, உயிருள்ள வேலிதான் வேண்டும் என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தான். அவையின் விகடகவி அம்பலத்தான், சிலம்பாயி என்ற தோட்டக்காரியை அழைத்து வந்தான். ஆடி மாதம் அவள் கிளுவை மரத்தின் கிளைகளைப் போத்துகளாக வெட்டி நெருக்கமாக நட்டாள். மழை விழுந்ததும் குச்சியெல்லாம் துளிர்த்தது. மார்கழிக்குள் மூன்று பக்கமும் முயல்கூட நுழைய முடியாத பச்சை வேலி எழுந்துவிட்டது; வடக்குப் பக்கம் மட்டும் பாக்கி நின்றது.

பூரித்துப்போன அரசன், விகடகவியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். அது அதுவரை பிரதானி விருப்பாட்சரின் இடம். அவருக்கு வயிறு எரிந்தது.

பங்குனி வெயிலில் வேலி இலை முழுவதையும் உதிர்த்தது. கிளுவைக்கு அதுதான் வழக்கம். பிரதானிக்கு அது தெரியும், அரசனுக்குத் தெரியாது.

"பிரபு, அந்தப் பெண் வேரில் நஞ்சு ஊற்றிவிட்டாள். வேலி செத்தது" என்றார் பிரதானி.

கொதித்தெழுந்த அரசன் சிலம்பாயியைச் சிறையில் அடைத்தான்.

"அது சாகலைங்க சாமி! வெயிலுக்கு எலையைக் கொட்டியிருக்கு. மழை வந்தா தழைஞ்சிருமுங்க!" என்று அவள் கதறியதை யாரும் காதில் வாங்கவில்லை.

அம்பலத்தான் ஓடிவந்து வாதாடினான். அரசனின் கோபம் இன்னும் ஏறியது.

"மொட்டையாக நிற்பது எதுவும் நம் தோட்டத்தில் இருக்கலாகாது. மொட்டையானால் செத்ததென்றே பொருள். நாளைக் காலையில் நீரே முன்னின்று எரித்துவிடும். ஒன்றை விட்டாலும் உமது தலை போகும்!"

"ஆணை அப்படியே நிறைவேறும், பிரபு" என்றான் அம்பலத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் தீப்பந்தங்களோடு சேவகர்கள் வேலியருகே நின்றார்கள். அரசனும் பார்க்க வந்திருந்தான். பிரதானி புன்னகையோடு வந்து, தலைப்பாகையைக் கழற்றி அரசனை வணங்கினார். குலதெய்வத்துக்கு முடி இறக்கியிருந்த தலை வெயிலில் பளபளத்தது.

"முதலில் இவரைக் கொளுத்துங்கள்" என்றான் அம்பலத்தான். "மொட்டையாக நிற்கிறார். அரசாணை!"

சேவகர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரதானி அலறினார்.

"ஐயோ பிரபு! முடி போனால் உயிர் போய்விடுமா? வேர் இருக்கிறதே! திரும்ப முளைத்துவிடுமே!"

அம்பலத்தான் சிரிக்கவில்லை. "இதைத்தானே பிரபு, நேற்று அந்தப் பெண்ணும் சொன்னாள்? அவள் சொன்னால் சிறை. இவர் சொன்னால்?"

நகத்தால் ஒரு கிளையைக் கீறினான். பட்டைக்கடியில் பச்சை ஈரம் தெரிந்தது.

அரசன் பச்சையைப் பார்த்தான், பிரதானியின் தலையைப் பார்த்தான், வெடித்துச் சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். அம்பலத்தான் கை நீட்டவில்லை.

"சிறைக்கதவு திறக்கட்டும், பிரபு."

அரசனின் சிரிப்பு நின்றது. சிலம்பாயியை அழைத்துவரச் செய்தான். "பொய் சொன்ன இந்தப் பிரதானிக்கு என்ன தண்டனை என்று நீயே சொல்."

அவள் பிரதானியை ஏற இறங்கப் பார்த்தாள். "வடக்குப் பக்கம் வேலி பாக்கி கெடக்குதுங்க சாமி. ஆடி வந்ததும் அவரே போத்து வெட்டி நடட்டும்."

ஆடி வந்தது. கிளுவை தழைத்துக் கிடந்தது. ஊரே வேடிக்கை பார்க்க, பிரதானி சேற்றில் குனிந்து முதல் போத்தை நட்டார்.

"யோவ், தலைகீழா நட்டிருக்கீரு! நுனியா மண்ணுக்குள்ள போகும்? பிடுங்கும்!" என்று சிலம்பாயி சத்தம் போட்டாள்.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முத்துமாலையை அம்பலத்தான் கழுத்தில் போட்டான். மான்தோட்டத்தின் அதிகாரத்தைச் சிலம்பாயிக்கே கொடுத்தான். அவள் கும்பிட்டாள், சிரிக்கவில்லை. பிரதானி பக்கம் திரும்பி அடுத்த குழியைக் காட்டினாள்.