ஹார்லோ ஊர் வழக்கம்

தாமிரபரணிக் கரையில் உலகம்மை அம்மாவின் மடம் இருந்தது. அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர்களில் மூத்தவர் டேல். அவருக்கு அறுபத்து மூன்று. அமெரிக்காவின் நட்டநடுவில், அயோவா என்ற சோளக்காட்டுச் சீமையில், ஹார்லோ என்கிற சிற்றூர்க்காரர். தமிழை மடத்துச் சமையலறையில் கற்றதால் அவர் வாயில் வந்தது அசல் திருநெல்வேலிப் பேச்சு. எல்லோருக்கும் அவர் டேல் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்கு ஒரே ஒரு குறை. கண்ணை மூடினால் கடவுள் வரவில்லை. ஹார்லோதான் வந்தது.

பனி உருகியதும் கிளம்பும் மண்வாசனை வந்தது. ஆடி மாதத்தில் ஆளுயரம் தாண்டி நிற்கும் மக்காச்சோளம் வந்தது. எதிரே வரும் வண்டிக்காரர் யாரானாலும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தி வணக்கம் காட்டுவது வந்தது. மூன்று வருஷமாக இதே கதை.

“அம்மா, ஊரை எப்படி விடுறது?” என்று மாதம் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார்.

அம்மா பதில் சொல்லமாட்டார். ஹார்லோவைப் பற்றித்தான் திருப்பிக் கேட்பார். மழைக்கு முன்னால் அங்கே வானம் என்ன நிறம், கல்யாணத்துக்கு என்ன சாப்பாடு. அண்ணாச்சிக்கும் சொல்லச் சொல்ல வாய் ஓயாது. மறக்க வந்த மனுஷனிடம் இப்படியா கதை கேட்பது என்று மற்றச் சீடர்கள் முணுமுணுத்தார்கள்.

ஒருநாள் அம்மா கேட்டார். “உங்க ஊர்ல விருந்தாளி எப்படிப் புறப்படுவாவ?”

அண்ணாச்சி சிரித்துவிட்டார். “லேசுல புறப்பட மாட்டாவம்மா. ரெண்டு முழங்காலையும் தட்டி, ‘சரி, அப்போ’ன்னு எந்திரிப்பாவ. பொறவு கதவுகிட்ட அரைமணி நேரம் பேச்சு. வண்டிகிட்ட அரைமணி நேரம். மிச்சப் பலகாரத்தைக் கையில திணிப்பாவ. வண்டி வளைவு திரும்புற வரைக்கும் கை ஆட்டிக்கிட்டே நிப்பாவ.”

“நீங்க புறப்பட்டப்போ?”

சிரிப்பு நின்றது. “யார்ட்டயும் சொல்லலம்மா. சொன்னா விடமாட்டாவன்னு பயம். கொட்டுற பனியில ஒரு டாக்சியப் பிடிச்சு வந்துட்டேன்.”

அம்மா ‘ம்’ என்றார்.

சித்திரை பிறந்ததும் அண்ணாச்சியின் பொறுமை தீர்ந்தது. ஊர் நினைப்பை விடத் தெரியாதவனுக்கு மடம் எதற்கு என்று பெட்டியைக் கட்டினார். காலை பத்து மணிக்குத் திருநெல்வேலி பஸ். அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

“நான் தேறமாட்டேம்மா. திரும்பிப் போறேன். இனி வரமாட்டேன்.”

அம்மா தடுக்கவில்லை. தம் இரண்டு முழங்காலையும் பட்டென்று தட்டினார்.

“சரி, அப்போ” என்று எழுந்தார்.

வாசல் வரை வந்தவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உங்க சோளத்துக்கு எத்தனை தண்ணி கட்டணும்?”

“தண்ணியே கட்டவேண்டாம். மழையே போதும்.”

“அப்படியும் ஒரு பூமியா!” என்று வாய்பிளந்தார். பேச்சு அங்கிருந்து அண்ணாச்சியின் அப்பாவுக்குப் போனது. அப்பாவிடமிருந்து அவருடைய டிராக்டருக்கு. டிராக்டரிலிருந்து, அதை ஓட்டிக் குளத்தில் இறக்கிய அண்ணன் லீராய்க்கு. இருவரும் சிரித்த சிரிப்பில் சமையலறையே எட்டிப் பார்த்தது.

வெளிக்கேட்டில் மறுபடி நின்றார்கள். சமையல்கார மாடத்தியக்கா புளியோதரைத் தூக்குவாளியோடு ஓடிவந்து அண்ணாச்சியின் கையில் திணித்தாள். வேண்டாம் என்றார். அவளா கேட்பாள்? மற்றச் சீடர்களும் ஒவ்வொருவராக வந்து கூடிவிட்டார்கள்.

சாலையில் பஸ் வந்து நின்றது. பேச்சு நிற்கவில்லை.

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டுக் கத்தினார். “அண்ணாச்சி, ஏறுதியளா இல்லியா?”

“இந்தா, ஒரு நிமிஷம்!”

தங்கை கல்யாணத்தில் கேக் சரிந்த கதையில் அண்ணாச்சி அப்போது பாதியில் இருந்தார். அதை அந்தரத்தில் விட்டுவிட்டு எப்படி ஏறுவது?

பஸ் கிளம்பிவிட்டது. அம்மா கையை உயர்த்தி ஆட்டினார். பழக்கதோஷம், அண்ணாச்சியின் கையும் உயர்ந்தது. அவர் ஏறியிருக்க வேண்டிய பஸ்ஸுக்கு, அது மருதமரத்து வளைவில் திரும்புகிற வரைக்கும், மடமே நின்று கை ஆட்டியது. டிரைவரும் பாவம், யாருக்கென்று தெரியாமல் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டிவிட்டுப் போனார்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பஸ் மறைந்த பிறகும் அவர் கை இறங்கவில்லை. பனியில் சொல்லாமல் விட்டு வந்த ஒவ்வொருவருக்கும் இப்போது ‘போயிட்டு வாரேன்’ என்று கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தார். லீராய்க்கு, தங்கைக்கு, பக்கத்துப் பண்ணைக்காரருக்கு. உடம்பே லேசானது போலிருந்தது.

“பஸ் போயிட்டும்மா” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“நாலு மணிக்கு இன்னொண்ணு இருக்கு.”

அண்ணாச்சி பெட்டியைக் கீழே வைத்தார். அதன்மேல் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார்.

“அம்மா, ஊரை எப்படி விடுறதுன்னு மூணு வருஷமாக் கேக்கேன். ஒருநாளாவது பதில் சொன்னியளா?”

அம்மா ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

“உங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?” என்றார். “மெதுவாத்தான்.”