சுறா ஏன் கடித்ததும் விட்டுவிடுகிறாள்

அநியாயம் நடந்தது சுறாவுக்கு. முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையை யார் சொன்னாலும் கடிபட்டவரின் காலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கால் பிறகு வரும். காலுக்கு முன்னால் ஒரு முகத்துவாரம் இருந்தது. அதை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கல்லைக் கொட்டி அடைத்தார்கள். அப்போது அவள் நிறைமாதம்.

மீனும் பறவையும் மனிதனும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பிரேசில் தேசத்தின் கிழக்குக் கரையில் ஒரு பெரிய ஊர். ஊருக்கு முன்னால் நீளமான மணல். மணலுக்கு முன்னால், கடலுக்குள், யாரோ சுவர் கட்ட ஆரம்பித்துப் பாதியில் அலுத்துப் போய்விட்டது போல ஒரு பாறை வரிசை. தண்ணீர் வற்றும்போது பாறைக்கு உள்பக்கம் குளம் மாதிரித் தேங்கி நிற்கும். குழந்தைகள் அதில் குதிப்பார்கள். பாறைக்கு வெளியே ஆழமான பள்ளம். அதில் பெரியவர்கள் நீந்துவார்கள். சுறாக்களும் அந்தப் பக்கம் போகும், வரும். யாரும் யாரையும் எதுவும் செய்ததில்லை.

ஊருக்குத் தெற்கே ஒரு ஆறு கடலில் கலந்தது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு. பாதி உப்பும் பாதி நல்ல தண்ணீருமாக, கலங்கலாக, வெதுவெதுப்பாக இருக்கும். அங்கேதான் சுறாப் பெண்கள் குட்டி போடுவார்கள். அவள் அங்கே பிறந்தாள். அவளுடைய அம்மாவும் அங்கேதான்.

வயிற்றைச் சுமந்துகொண்டு வந்து பார்த்தால், வாசலில் கல். மலை மலையாகக் கல். காட்டைக் காணோம். கல்லின் உச்சியில் அவளுக்குத் தெரிந்த நண்டு ஒருவன் கால்களை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"துறைமுகம், அக்கா."

"யாருக்கு?"

"கப்பலுக்கு."

"கப்பல் இங்க வந்து குட்டி போடுமா?"

நண்டு நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். "போடாதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப ஏன்டா என் இடத்தை எடுத்துக் கப்பலுக்குக் கொடுத்தாங்க? கடல்ல வேற இடமா இல்ல?"

"இது அமைதியான தண்ணியாம். அலை அடிக்காதாம். அதனால இதுதான் வேணும்னு ஊர்த் தலைவர் அமாரோ சொல்லிட்டாரு."

"அமைதியா இருக்கும்னுதானேடா நாங்களும் வந்தோம்!"

வயிற்றில் ஒன்று உதைத்தது. அதற்கும் கோபம் போலும்.

"கத்தாதீங்க அக்கா, உடம்புக்கு ஆகாது," என்றான் நண்டு. "கேளுங்க. கேட்கத்தான் சட்டம் இருக்கே."

இருந்தது. அந்தக் கரையில் வாழ்ந்த எல்லோருக்கும் பொதுவான சட்டம். உனக்கு ஒருவர் அநியாயம் செய்தால், அவர் கையையோ காலையோ பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கலாம். பிடி விடாமல் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லியே தீர வேண்டும். பிடியை விட்டுவிட்டுக் கேட்டால் அது வெறும் பேச்சு. பதில் சொல்லத் தேவையில்லை. ஒரு ஆமை, தன் முட்டைகளைத் தோண்டியவனின் கட்டைவிரலை விடியலில் முன்னங்காலால் அமுக்கிப் பிடித்தது; அவன் மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்ட பிறகுதான் பதில் சொன்னான். நல்ல சட்டம்தான். ஒரே ஒரு கோளாறு: அது ஒரு பெரிய கூட்டத்தில் கை தூக்கிய ஓட்டினால் நிறைவேறியது. மீன்களும் பாம்புகளும் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். வேண்டாம் என்று கத்தவும் செய்தார்கள். ஆனால் தூக்கிய கைகளைத்தான் எண்ணினார்கள்.

சட்டத்தைப் பார்த்துக்கொண்டது ஒரு பிணந்தின்னிக் கழுகு. பட்டுப்போன தென்னை ஒன்றின் உச்சியில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்லும். பிறவியிலேயே கறுப்பு அங்கி. தலையில் முடி கிடையாது. நீதிபதிக்கு வேறென்ன வேண்டும் என்று தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

சுறா கரையோரம் வந்து தலையைத் தூக்கினாள். நண்டு மணலில் ஏறி நின்று வணக்கம் சொன்னான்.

"எதிராளியின் கையைப் பிடித்தாயிற்றா?" என்றது கழுகு.

"எனக்குக் கை இல்லையே," என்றாள் சுறா.

"அது சட்டத்தின் குற்றமில்லை."

"ஐயா," என்று நண்டு இடையில் புகுந்தான், "எனக்குக் கை இருக்கு. அக்கா சார்புல நான் பிடிக்கிறேன்."

"கல்லைக் கொட்டியதால் உனக்கு ஏதாவது நஷ்டமா?"

நண்டு பொய் சொல்லத் தெரியாதவன். "இல்லீங்க. கல் எனக்கு வசதியாத்தான் இருக்கு."

"அப்படியானால் உட்கார். பாதிக்கப்பட்டவர்தான் பிடிக்க வேண்டும்." கழுகு சுறாவைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தது. "துடுப்பு மடங்குமா?"

"மடங்காது."

"வால்?"

"வாலால அடிக்கலாம். பிடிக்க முடியாது."

"பிடிக்கக்கூடியதாக உன்னிடம் எதுவுமே இல்லையா?"

சுறா தன் உடம்பை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு, "வாய் இருக்கு," என்றாள்.

கழுகு கழுத்தை நீட்டியது. "எந்த உறுப்பால் பிடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வாயால் பிடிக்கலாம். அனுமதிக்கிறேன்." இதைச் சொல்லும்போது அதன் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. பிணந்தின்னிக் கழுகை நீதிபதியாக வைத்தால் அப்படித்தான் வரும்.

சுறாவுக்கு அவசரம். ஆனாலும் அவள் பொறுப்பானவள், பழகாமல் போகவில்லை. கடலில் மிதந்து வந்த ஒரு தேங்காயைப் பிடித்துப் பார்த்தாள். அது இரண்டாகப் போயிற்று. அடுத்தது விரிசலோடு தப்பித்தது. அதற்கும் அடுத்ததில் பல் பதிந்ததோடு சரி.

"போதும் அக்கா," என்றான் நண்டு. "மனுஷன் இதைவிட உறுதி."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"தலைவர்கிட்ட ஒரு தடவை பேசிப் பார்த்திருக்கேன்."

கேள்வியையும் பழகினாள். கோபமாகக் கேட்டால் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நண்டு சொன்னதால், குரலைத் தணித்து, மரியாதையாக: "ஐயா, என் குட்டிகளை நான் எங்கே பெறுவது?" போகும்போதும் வரும்போதும் அதையே சொல்லிச் சொல்லி, வயிற்றுக்குள் இருந்தவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

பிடியைத் தனியாகப் பழகினாள். கேள்வியைத் தனியாகப் பழகினாள். இரண்டையும் சேர்த்து ஒரு முறை செய்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, நண்டுக்கும் தோன்றவில்லை. நண்டு பிடிப்பது கையால், பேசுவது வாயால். அவனுக்கு எப்படித் தோன்றும்?

அமாரோ காலையில் பாறைக்கு வெளியே மல்லாந்து மிதப்பார். தொப்பை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். தூரத்தில் இருந்து பார்த்தால் புதிதாக ஒரு தீவு முளைத்ததுபோல இருக்கும். குளத்தில் அவருடைய தங்கை ஜசீரா குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நண்டு பாறைமேல் இடம் பிடித்தான். கழுகு தென்னையில் தயாராக இருந்தது.

சுறா கீழிருந்து வந்து, அமாரோவின் கெண்டைக்காலைப் பிடித்தாள்.

மென்மையாகத்தான் பிடித்தாள். ஆனால் சுறாவின் மென்மைக்கும் ஒரு எல்லை உண்டு, அதிலும் வரிசை வரிசையாகப் பற்கள். அமாரோ போட்ட அலறலில் ஊரில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்கள் பானையைக் கீழே போட்டார்கள்.

"அக்கா, பிடி விழுந்தாச்சு! கேளுங்க!" என்று கத்தினான் நண்டு.

சுறா கேட்டாள். "ம்ம்ம்ம் ம்ம், ம்ம் ம்ம்ம்ம் ம்ம்?"

"தெளிவாகக் கேட்கவும்," என்றது கழுகு.

"ம்ம்ம்ம்! ம்ம்ம்!"

"விட்டுடு, விட்டுடு தாயே!" என்று அமாரோ அழுதார்.

"விடாதீங்க அக்கா! கேளுங்க!"

"ம்ம்ம்!"

வாயில் காலை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? பேச வேண்டுமென்றால் விட வேண்டும். பல நாள் பழகிய கேள்வி தொண்டையில் முட்டியது. வயிற்றில் குட்டிகள் முட்டின. அவள் வாயைத் திறந்தாள்.

"ஐயா, என் குட்டிகளை நான் எங்கே பெ..."

அமாரோ அதற்குள் பாறையைத் தாண்டி, குளத்தைத் தாண்டி, மணலில் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தார்.

"பிடி விட்டுப் போயிற்று," என்றது கழுகு. "கேள்வி செல்லாது."

காலில் பிறைபோல ஒரு காயம். ரத்தம் நிறையப் போயிற்று. வலித்திருக்கும், அதை யாரும் மறுக்கவில்லை, சுறாவே மறுக்கவில்லை. ஆனால் ஊரில் என்ன பேசினார்கள்? சுறாவுக்கு மனித மாமிசம் ருசித்துவிட்டது என்று பேசினார்கள். ருசித்திருந்தால் விட்டிருப்பாளா? வாய்க்கு வந்த சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு மரியாதையாகக் கேள்வி கேட்கிற பசியை யாராவது பார்த்ததுண்டா? இதை ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அவள் மறுபடியும் முயன்றாள். துறைமுகம் ஊருக்கே லாபம் என்பதால் ஊரில் யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம் என்று கழுகு தாராளமாகத் தீர்ப்பளித்தது. பலகைமேல் அலையேறி விளையாடிய ஒருவனைப் பிடித்தாள். "ம்ம்ம்?" விட்டாள். கேட்டாள். தண்ணீர்தான் இருந்தது. மாலையில் தனியாக நீந்திய இன்னொருவனைப் பிடித்தாள். "ம்ம்ம்?" அவனும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவளுடைய கேள்வி காலியான கடலில் போய் விழுந்தது.

குட்டிகள் சட்டத்துக்குக் காத்திருக்குமா? ஒரு விடியலில் அவளால் முடியவில்லை. தெற்கே போக வழியில்லை. ஆழ்கடலுக்குப் போனால் பெரிய மீன்கள் தின்றுவிடும். அந்த ஊர்க் கடற்கரைக்கு எதிரில், பாறைக்கு வெளியே, அந்தப் பள்ளத்திலேயே பெற்றாள். நண்டு பாறைமேல் இருந்துகொண்டு, "மூச்சு விடுங்க அக்கா," என்று தனக்குத் தெரியாத வைத்தியம் எல்லாம் சொன்னான்.

குட்டிகள் வெளியே வந்ததும் சுற்றிப் பார்த்தன. குளிக்கிறவர்களின் கால்கள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தன.

"அம்மா, இது யார் வீடு?" என்றது ஒன்று.

"நம்ம வீடுதான்," என்றாள் சுறா. அதைச் சொல்லும்போதே அது உண்மையாகிவிட்டது. பிறந்த இடத்தைச் சுறா மறக்காது; வளர்ந்து, அங்கேயே குட்டி போடவும் வரும்.

கரையில் ஊர்க்கூட்டம் கூடியது. அமாரோ காலில் கட்டோடு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா," என்றாள் ஜசீரா, "நான் குளத்துல நின்னுக்கிட்டிருந்தேன். அது உன்னை விட்டதும் ஏதோ கேட்டுச்சு. குட்டியை எங்க பெறுறதுன்னு கேட்டுச்சு."

"கடிச்ச வாய்க்கு என்ன பேச்சு?"

"வேற வாயும் வச்சிருக்கா அது? அதோட இடத்தை நாம எடுத்தோம். ஒரு பதில் சொன்னா என்ன?"

"பதில் சொன்னா கல்லை எடுக்கச் சொல்லும்."

"எடுத்தா என்ன?"

கூட்டம் மொத்தமும் திடீரென்று வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. மழை வருமா என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"சட்டம்னு ஒண்ணு இருக்குண்ணா," ஜசீரா விடவில்லை. "ஊர்ல இத்தனை பேரைப் பிடிச்சுக் கேட்டாச்சு. பதில் சொல்லாம எத்தனை நாள் ஓடுவ? அதுவும் அந்தக் காலோட?"

அமாரோ தாடையைத் தேய்த்தார். "சரி. சொல்லுவோம். எழுதியே சொல்லுவோம்."

மறுநாள் ஒரு பலகை தயாரானது. சிவப்பு வண்ணம், மேலே படம், கீழே எழுத்து. ஆட்கள் அதைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு வந்தபோது ஜசீரா கூடவே வந்தாள்.

"பலகையை எந்தப் பக்கம் பார்த்து நட்டு வைக்கப்போற, அண்ணா?"

"படிக்கத் தெரிஞ்சவங்க பக்கம் பார்த்து," என்றார் அமாரோ.

பள்ளத்தில் சுறா குட்டிகளோடு காத்திருந்தாள். பதில் வருகிறது என்று நண்டு ஓடிவந்து சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பலகையை நட்டார்கள். அவள் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்தாள். வெறும் மரப்பலகையின் முதுகும், அதில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு ஆணி முனைகளும் தெரிந்தன.

"தம்பி, அந்தப் பக்கம் போய்ப் படிச்சுச் சொல்லேன்."

நண்டு பக்கவாட்டில் ஓடினான். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தான். பாறையில் ஏறாமல் கீழேயே நின்றான்.

"உங்க படம் போட்டிருக்கு அக்கா."

"படமா? நல்லா இருக்கா?"

"பல்லு மட்டும் கொஞ்சம் அதிகமா போட்டுட்டாங்க."

"சரி விடு. குட்டிங்களை எங்க பெறணும்னு எழுதியிருக்கா? ஆத்தைப் பத்தி? கல்லைப் பத்தி?"

நண்டு தன் கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"பதில் தரப்பட்டது," என்று தென்னை உச்சியிலிருந்து கழுகு சொன்னது. "வழக்கு முடிந்தது."

"எனக்குத் தரலையே!" என்றாள் சுறா. "என் கேள்விக்கு, என்னைப் பத்தி, வேற யாருக்கோ சொன்னா அது எப்படி எனக்குப் பதில் ஆகும்? எனக்கு வழக்கு முடியல. நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். என் பிள்ளைங்களும் கேட்கும்."

அந்தக் கரையில் பாறையைத் தாண்டி நீந்துகிறவர்களைச் சுறா ஒரே ஒரு முறை பிடித்து, உடனே வாயைத் திறந்து விட்டுவிடுவது அன்று தொடங்கியதுதான். விடுவது கேட்பதற்காக. கேட்பதற்குள் எல்லோரும் ஓடிவிடுகிறார்கள். அவர்கள் ஓடி வந்து நிற்கிற மணலில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுக்குக் கிடைத்த பதில் இன்றைக்கும் நிற்கிறது: "அபாயம். இங்கே சுறா இருக்கிறது. இறங்காதீர்கள்."