கௌதாரி திறந்து வைத்த ஓட்டை

கொழிஞ்சிக் காட்டில் ஒரு பெரிய குளம் இருந்தது. குளத்துக்கு உயரமான மண்கரை. கரைக்கு உள்ளே தண்ணீர். கரைக்கு வெளியே தாழ்வான புல்வெளி. அந்தப் புல்வெளியில், ஓர் ஆவாரஞ்செடியின் தூரில், கௌதாரி ஒன்று முட்டை மேல் உட்கார்ந்திருந்தது.

அது காலம் தப்பி இட்ட முட்டை. முதலில் இட்ட முட்டைகளைச் சாரைப்பாம்பு தின்றுவிட்டது. ஆண் கௌதாரியைப் பருந்து கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்தது இந்த ஆறு முட்டைகள்தான். இவை பொரிந்தால் அதற்கு ஒரு குடும்பம் உண்டு. பொரியாவிட்டால் ஒன்றும் இல்லை.

ஒரு நாள் காலையில் கூட்டுக்குப் பக்கத்துத் தரை ஈரமாக இருந்தது. பனி என்றுதான் கௌதாரி நினைத்தது. வெயில் ஏறியும் ஈரம் காயவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால், கரையின் அடியிலிருந்து நூல் மாதிரி நீர் ஓடி வந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பழைய எலி வளை. எலி எப்போதோ காலி செய்துகொண்டு போய்விட்டது. வளை மட்டும் கரையின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை அப்படியே கிடந்தது. குளம் நிறைய நிறைய, தண்ணீர் அந்த வளைக்குள் இறங்கிவிட்டது.

ஐப்பசி மழை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை. பிடித்தால் நூல் கயிறாகும். கயிறு வாய்க்காலாகும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போக கௌதாரியால் முடியாது. அலகில் அடங்காது, உருட்டினால் உடையும். குஞ்சு பொரியும் வரை கரை நின்றாக வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேண்டியது.

அந்தக் காட்டுக்கு இரண்டு சபைகள் உண்டு. தரையைப் பார்த்துக்கொள்வது மேட்டுச் சபை. பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவது, புல்லுக்குச் சண்டை வந்தால் விலக்கி விடுவது எல்லாம் அதன் வேலை. வயதான எருமை அதற்குத் தலைவர். தண்ணீரைப் பார்த்துக்கொள்வது மடுச் சபை. ஆமை அதற்குத் தலைவர். கரையின் உள்சரிவு மடுச் சபைக்கு, வெளிச்சரிவு மேட்டுச் சபைக்கு என்று எந்தக் காலத்திலோ பிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு சபைக்கும் ஓலை கொண்டுபோவதும் ஆள் அழைப்பதும் ஒரு நாரையின் வேலை.

தலைவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். யார் போனாலும் உட்காரச் சொல்வார்கள். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசமாட்டார்கள்.

கௌதாரி முதலில் ஆமையிடம் ஓடியது. ஆமை பொறுமையாகக் கேட்டது. பாவம் என்றது. ஈரம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று விசாரித்தது. வெளிப்பக்கம் என்று கௌதாரி சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது.

"வெளிப்பக்கம் என்றால் அது மேட்டுச் சபை சங்கதி அம்மா. அவர்கள் எல்லையில் நான் கால் வைத்தால் நன்றாக இருக்காது. எருமையாரைப் போய்ப் பார். நான் சொன்னேன் என்று சொல்."

கௌதாரி கூட்டுக்கு ஓடியது. முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. மேலே படுத்துச் சூடேற்றிவிட்டு, எருமையிடம் ஓடியது.

எருமையும் கேட்டது. கண் கலங்கக்கூடச் செய்தது. அதுவும் நாலைந்து கன்று பெற்றது. ஆனால் யோசித்து யோசித்துச் சொன்னது: கசிவது மண் இல்லை, தண்ணீர். தண்ணீர் மடுச் சபையுடையது. தன் தண்ணீரை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் பொறுப்பு. மேட்டுச் சபை போய்க் கை வைத்தால், நாளைக்கு மடையையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று ஆமைக்குச் சந்தேகம் வரும்.

"அப்போ அந்த ஓட்டை யாருது சாமி?" என்று கேட்டது கௌதாரி.

எருமை அசை போடுவதை நிறுத்தியது. "நல்ல கேள்வி கேட்டாய். இதை இரண்டு சபையும் சேர்ந்து உட்கார்ந்துதான் பேச வேண்டும்" என்றது.

கௌதாரி திரும்பி வந்தபோது முட்டைகள் மறுபடியும் குளிர்ந்திருந்தன. இனி ஓடினால் கரு தங்காது என்று அதற்குப் புரிந்துவிட்டது.

கரையின் உள்சரிவில் ஒரு நண்டு குடியிருந்தது. வாய்த் துடுக்கான நண்டு. கௌதாரி இரண்டு பக்கமும் ஓடுவதை அது பார்த்துக்கொண்டே இருந்தது. கரை ஏறி வந்து, என்ன தங்கச்சி, ஆமைக்கும் எருமைக்கும் நடுவே நடந்து நடந்து பாதை போட்டுவிட்டாயே, அதற்கும் திறப்பு விழா வைத்துவிடப் போகிறார்கள் என்று கேலி பேசியது. கௌதாரிக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொன்னது.

நண்டு உடனே உள்சரிவில் இறங்கியது. குளத்துக் களிமண்ணை உருட்டி உருட்டி எலி வளையின் உள்பக்கத்து வாயில் திணித்தது. கௌதாரி வெளிப்பக்கத்தில் காலால் மண்ணைச் சீய்த்து, காய்ந்த புல்லோடு பிசைந்து அடைத்தது. நடுநடுவே ஓடிப்போய் முட்டை மேல் படுத்துவிட்டு வந்தது. பொழுது சாயும்போது நூல் நின்றுவிட்டது. தரை காய ஆரம்பித்தது.

"என் களிமண்ணுக்குப் பெரிய ஆயுசு கிடையாது. ஆனால் உன் பிள்ளைகள் வெளியே வருகிற வரைக்கும் தாங்கும். அப்புறம் கரை போனால் போகட்டும், நீ மேட்டுக்குப் போய்விடலாம்" என்றது நண்டு.

கௌதாரி அன்றைக்குத்தான் கண்மூடித் தூங்கியது.

மறுநாள் நாரை வந்தது. நாரையின் நிழல் விழுந்ததுமே நண்டு தன் வளைக்குள் போய்விட்டது. நாரைக்கு நண்டு என்றால் நல்ல பசி எடுக்கும். அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

நாரை சந்தோஷமாக இருந்தது. இரண்டு சபையும் ஒன்றாகக் கூடியதாம். ஓட்டை யாருடையது என்பதை நேரில் பார்த்து முடிவு செய்வது என்று தீர்மானமாம். எருமையும் ஆமையும் சேர்ந்தே வருகிறார்களாம். இதுவரை யாருடைய குறைக்கும் இரண்டு தலைவர்களும் சேர்ந்து வந்தது கிடையாதாம். நாளைக் காலையில் வருகை.

சொல்லிக்கொண்டே நாரை கரையைப் பார்த்தது. அதன் முகம் வாடிவிட்டது.

"என்ன காரியம் செய்தாய்? ஓட்டையை அடைத்துவிட்டாயே?"

"கசிந்ததுங்க. அதனால அடைச்சேன்."

"அது சரி. நாளைக்குத் தலைவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு தூரம் நடந்து வந்து எதைப் பார்ப்பார்கள்? காய்ந்த தரையையா? குறை எதுவும் இல்லை என்று திரும்பிவிடுவார்கள். அப்புறம் நீ எத்தனை முறை கத்தினாலும் வரமாட்டார்கள். இந்தப் புல்லும் மண்ணும் அடைமழைக்கு நிற்குமா சொல். அவர்கள் பார்த்துவிட்டால் எருமைக் கூட்டமே இறங்கி மிதித்துக் கரையைக் கெட்டியாக்கிவிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு நாள் எடுத்து வை. ஓட்டை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தண்ணீர் கொஞ்சம் ஓட வேண்டும்."

வளைக்குள்ளிருந்து நண்டின் குரல் மட்டும் வந்தது. "எடுக்காதே தங்கச்சி. ஓட்டை இருந்த இடத்தைக் காட்டினால் போதாதா? கண் இருப்பவருக்கு ஈரமண் தெரியாதா?"

நாரை வளைப் பக்கம் கழுத்தை நீட்டியது. "வெளியே வந்து சொல்லேன் அப்பனே, காது சரியாகக் கேட்கவில்லை" என்றது. நண்டு வெளியே வரவில்லை.

கௌதாரி யோசித்தது. நண்டுக்கு நாரை மேல் பயம், பயத்தில் பேசுகிறது என்று நினைத்தது. நாரை சொன்னதிலும் பொய் இல்லை. களிமண் அடைப்பு எத்தனை நாள் தாங்கும்? பெரியவர்கள் செய்தால் கரை என்றைக்கும் நிற்கும். வருகிற வருஷமும் இதே செடியின் தூரில் முட்டை இடலாம். அது மெல்ல எழுந்து போய், தான் பிசைந்து அடைத்த மண்ணைத் தானே சீய்த்து எடுத்தது. உள்பக்கத்தில் நண்டு வைத்த களிமண்ணை நாரை நீண்ட அலகால் குத்தித் தள்ளியது. நூல் மறுபடி ஓடியது. முன்னைவிடக் கொஞ்சம் தடிமனாகவே ஓடியது.

மறுநாள் விடியும்போதே வானம் கறுத்திருந்தது.

தலைவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வழியில் அணில்கள் இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு கொடிப்பாலம் கட்டியிருந்தன. தலைவர்கள் இந்தப் பக்கம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அவர்கள் கையால் திறந்து வைக்க வேண்டும் என்று வழி மறித்தன. எருமையும் ஆமையும் பாலத்தில் ஏறவா போகிறார்கள்? ஆனாலும் மறுக்க முடியவில்லை. மறுத்தால் அணில்கள் மனம் வருந்தும். எருமை நாலு வார்த்தை பேசியது. ஆமை எட்டு வார்த்தை பேசியது. நாவல்பழமும் அருகம்புல்லும் வைத்தார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழை விடட்டும் என்று புளியமரத்தடியில் ஒதுங்கினார்கள்.

இங்கே கரையடியில் நூல் கயிறாகிவிட்டது. கயிற்றோடு மண்ணும் கரைந்து வந்தது. கௌதாரி ஓட்டையையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தது. அடைத்துவிடலாம் என்று எழுந்தது.

நாரை நனைந்துகொண்டே பறந்து வந்தது. "புளியமரம் வரை வந்துவிட்டார்கள். மழை விட்டதும் இங்கேதான். இவ்வளவு நேரம் பொறுத்தாய், இப்போது போய் அடைத்தால் எல்லாம் வீணாகிவிடும்" என்றது. சொல்லிவிட்டு, தலைவர்கள் தேடுவார்கள் என்று திரும்பிப் பறந்துவிட்டது.

கௌதாரி வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. அப்போது அதன் வயிற்றில் ஏதோ குத்தியது. குனிந்து காது கொடுத்துக் கேட்டது. ஒரு முட்டைக்குள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம். பிறகு இன்னொன்றில். குஞ்சுகள் உள்ளேயிருந்து முட்டையோட்டைக் கொத்தத் தொடங்கிவிட்டன.

"நண்டு அண்ணே, வந்துட்டாங்க, என் பிள்ளைங்க வந்துட்டாங்க" என்று கூவியது. பிறகுதான் கரையடியைத் திரும்பிப் பார்த்தது. "அண்ணே, அடைச்சிடுங்க. அவங்க பார்க்க வேண்டாம். யாரும் பார்க்க வேண்டாம். அடைச்சிடுங்க."

நண்டு அதற்கு முன்னமே களிமண்ணோடு எலி வளைக்குள் இறங்கியிருந்தது. வைத்த மண்ணை எல்லாம் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. வளை அகன்றுகொண்டே வந்தது. கடைசியில் நண்டு தன் உடம்பையே குறுக்கே கொடுத்துப் பார்த்தது. தண்ணீர் அதையும் சுழற்றி வெளியே எறிந்தது. அதன் பெரிய கொடுக்கு முறிந்து எங்கோ போயிற்று.

அதன்பின் கரை உட்கார்ந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. களைத்துப்போனவர் கீழே உட்காருவது போல மெல்ல உட்கார்ந்தது. குளம் முழுவதும் அந்த வழியாகப் புல்வெளிக்கு வந்தது.

கௌதாரி எழுந்து பறக்கவில்லை. இறக்கையை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு படுத்தே இருந்தது. தண்ணீர் அடியில் புகுந்து முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மூட ஒன்றும் இல்லாமல்தான் அது பறந்தது. ஒரு முட்டையில் விரிசல் விட்டிருந்தது. விரிசலில் ஒரு சின்ன அலகு தெரிந்தது. அதை அது பார்த்தது.

மழை விட்டதும் தலைவர்கள் வந்து சேர்ந்தார்கள். உடைப்பைப் பார்த்து அப்படியே நின்றார்கள். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. எருமையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது பொய்யான அழுகை இல்லை. நாரை மட்டும், இப்போது நன்றாகத் தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக நிறுத்திக்கொண்டது.

யார் எல்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. எருமைக் கூட்டம் இறங்கியது. ஆமைகள் களிமண் சுமந்தன. எருமைகள் மிதிக்க மிதிக்க மண் இறுகியது. இருட்டுவதற்குள் கரை முழுதாக எழுந்து நின்றது. அதுபோல ஒரு கெட்டியான கரையை அந்தக் காடு கண்டதில்லை. உள்ளேதான் தண்ணீர் இல்லை. மீன்கள் சேற்றில் துடித்துக்கொண்டிருந்தன.

எருமை கௌதாரியிடம் வந்து நின்றது. கரை கட்டி முடித்தாயிற்று அம்மா என்றது.

கௌதாரி கரையைப் பார்த்தது. ஆவாரஞ்செடி இருந்த இடத்தைப் பார்த்தது.

"இவ்வளவுதானா சாமி வேலை?" என்று கேட்டது.

எருமை திரும்பியது. தலையைக் குனிந்துகொண்டு சேற்றில் நடந்து போனது. ஒற்றைக் கொடுக்கோடு நண்டு மெல்ல ஊர்ந்து வந்து கௌதாரியின் பக்கத்தில் உட்கார்ந்தது. நான் அப்போதே சொன்னேனே என்று அது சொல்லவில்லை. இரண்டும் விடியும் வரை அப்படியே இருந்தன.

ஆபத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கையை, யாரோ வந்து பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு பொழுதுகூட நிறுத்தக் கூடாது.